அக்கா ரயிலில் கொண்டுபோன உள்ளான்

நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது "உள்ளான் கறி தின்றிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வார்கள். இப்போது பிடித்தால் கேஸ், ஜெயில். அன்றைக்கு அதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம். நான் தின்றிருக்கிறேன். மிளகைத் தூக்கலாகப் போட்டு, சின்ன வெங்காயத்தை நன்றாக வதக்கி, எலும்போடு மென்று தின்கிற கறி. ருசியாகத்தான் இருந்தது. முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு வசதி.

தெரியாத பேரப்பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்து வாசித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளான் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற பறவை. மழை ஓயும்போது எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்து உப்பனாற்றுச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தித் தின்னும். வெயில் ஏறினால் வந்த வழியே போய்விடும். கடலூர் முதுநகரில் எங்களுக்கு அது ஒரு பருவம், அவ்வளவுதான். மாம்பழம் வருகிற மாதிரி உள்ளான் வரும். பெரியவர்கள் அதை வாங்கினார்கள், ஆய்ந்தார்கள், தின்றார்கள். நிமிர்ந்து பார்த்தது எங்கள் அக்கா ஒருத்திதான்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். அம்மாவுக்கு வீடும் மாதா கோயிலும். அக்கா தினமும் பாசஞ்சர் வண்டியில் சிதம்பரம் போய், அண்ணாமலை நகரில் விலங்கியல் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். நான் எதிர்பாராமல் வந்து சேர்ந்தவள் என்று உறவுக்காரர்கள் என் எதிரிலேயே பேசிக்கொள்வார்கள். பேசினால் பேசட்டும் என்று நானும் அவர்கள் தட்டில் இருக்கிற முறுக்கை எடுத்துத் தின்பேன்.

அக்காவிடம் ஒரு பைனாகுலர் இருந்தது. துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கியது. ஒரு குழாயில் பூசணம் பிடித்துப் போயிருந்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆற்றோரம் அவள் அதை வைத்துக்கொண்டு நிற்கும்போது தெருப் பையன்கள் "கண்ணடிக்கிற அக்கா" என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்பக்கூட மாட்டாள். டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் பறவைப் படம் போட்ட தடிப் புத்தகங்கள் இருந்தன, வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு வருவாள். எந்தப் பறவைக்குக் கண்ணுக்கு மேல் கோடு, எதற்கு அலகு வளைவு என்று என்னிடம் ஒப்பிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவள் முகம் அப்போது அழகாக இருக்கும், அதற்காகவே கேட்பேன்.

அந்தத் தை மாதம் வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காடாம்புலியூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தது. முந்திரித் தோப்பு, பலா மரங்கள், மச்சு வீடு, எங்களைப் போலவே கிறிஸ்தவர்கள், நல்ல வேதக்காரக் குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து முந்திரிப்பருப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதும் அப்பா பாதி மனதை அங்கே விட்டுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் தவக்காலம் சீக்கிரமே வந்தது. அதற்குள் முடிக்க வேண்டும் என்றால் உடனே ஓலை வாசிக்க வேண்டும்.

ஓலை என்றால், மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண், மாப்பிள்ளை பேரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வாசிப்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பெண் வேண்டாம் என்றால் குடும்பமே கோயிலில் தலை காட்ட முடியாது. அப்பா அடுத்த ஞாயிறே முதல் ஓலைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"பரீட்சையாவது எழுதிக்கிறேன்பா. அப்புறம் எம்மெஸ்ஸி சேர்ந்துக்கிறேன். சார் சீட்டு குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா.

"கல்யாணம் ஆனப்புறம் எழுது. யாரு வேணாங்கறா?" என்றார் அப்பா.

காடாம்புலியூரிலிருந்து தினமும் அண்ணாமலை நகருக்கு எப்படிப் போய் வருவாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்பாள் என்று நினைத்தேன். அம்மா பருப்பைத் தகர டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் போனால் பாவம். ஆனால் தோற்கத் தெரியாதவர். கேரம் போர்டில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் காய்களைக் கலைத்துவிட்டு "சாப்புடலாம் வாங்க" என்று எழுந்துவிடுவார். பத்து வயதுப் பெண்ணோடு விளையாடும்போதும் அப்படித்தான். அதே மனிதர், நான் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்த அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் உள்ளான்காரர் வந்தார். ஆற்றங்கரையில் கண்ணி வைத்துப் பிடித்து வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கிறவர். எப்போதும் காலைச் சேர்த்துக் கட்டி, கொத்தாகத் தூக்கி வருவார். அன்றைக்கு ஒரே ஒரு பறவை, அதுவும் துண்டில் சுற்றி. மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, இத்த நீங்க வச்சிக்கங்க. எனக்குக் காசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

துண்டைப் பிரித்தார். பறவையின் முதுகு வழக்கமான பழுப்பு. நெஞ்சிலிருந்து வால் அடிவரை பளீரென்று மஞ்சள்.

"நேந்து வுட்டதும்மா இது. யாரோ மஞ்ச பூசி அம்மனுக்கு வுட்டிருக்காங்க. ஆட்டுக்கு மஞ்ச தெளிச்சி வுடறாங்கல்ல, அந்த மாதிரி. தெரியாத்தனமா என் கண்ணியில வுழுந்துடுச்சி. வூட்ல அவ நெறமாசமா கீறா. எட்டு வருசம் கழிச்சி இப்பதான் நின்னிருக்கு."

"அப்படின்னா நீயே ஆத்தோரம் விட்டுட வேண்டியதுதானேப்பா?" என்றாள் அம்மா.

"நான் வுட்டா குத்தம் என்னியத்தாம்மா சுத்தும். வேற கையால வுடணும். நீங்க வேதக்காரங்க, உங்கள ஒண்ணும் பண்ணாது. அடிச்சி கொழம்பு மட்டும் வச்சிடாதீங்க."

எங்களை எந்த அம்மனும் ஒன்றும் செய்ய மாட்டாள் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. அம்மா வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் அக்கா பின்னாலிருந்து வந்து பறவையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நான் விட்டுடறேன். திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. எங்க சார்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு விட்டுடறேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்தப் பறவையைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. உள்ளான்காரருக்கு அது அம்மன் சொத்து. அம்மாவுக்கு அது வீட்டை அசிங்கம் பண்ணுகிற ஜந்து. அப்பா வேலை முடிந்து வந்து, குனிந்து பார்த்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"தேர்த் திருவிழாவுல பச்சை, ரோஸுன்னு கோழிக்குஞ்சு விக்கறான் பாரு, அந்த கேஸு. எவனோ சாயம் பூசியிருக்கான்."

"உள்ளானுக்கு யாருப்பா சாயம் பூசப் போறா? அதைப் பிடிக்கிறதே கஷ்டம்" என்றாள் அக்கா. "இந்த மாதிரி ஒண்ணு நான் பார்த்த எந்தப் படத்துலயும் இல்ல. இது நம்ம பக்கத்துப் பறவையே இல்லப்பா. வேற எங்கயோ போறது வழி தவறி வந்திருக்கு."

அதை உயிரோடு வைத்திருந்ததுதான் பெரிய பாடு. கோழிக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே தாம்பாளத்தில் ஆற்றுச் சேற்றைக் கொட்டி வைத்தோம். அம்மா, எல்லாருக்கும் கொடுப்பதைப் போல, அதற்கும் ஒரு கை பழைய சோறு வைத்தாள். தொடவில்லை. நானும் அக்காவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கிச் சேற்றுப் புழு பொறுக்கினோம். அந்தச் சேற்றின் நாற்றம் இருக்கிறதே, அழுகின முட்டையும் உப்பும் கலந்த மாதிரி. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தும் போகவில்லை. ஞாயிறு பூசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டில், அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். எலும்பை உறிஞ்சிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"நீ என்னமோ அபூர்வப் பறவைங்கற. நான் சாயம்ங்கறேன். ஒண்ணு பண்ணலாம். நாளைக்கு உங்க சார்கிட்ட கொண்டுபோய்க் காட்டு. அவரு அபூர்வம்னு சொன்னா, ஓலை கீலை ஒண்ணும் கிடையாது, நீ எம்மெஸ்ஸி சேரு. சாயம்னு சொன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை. அப்புறம் மூக்கால அழக்கூடாது."

அம்மா "புள்ள படிப்புல என்னாங்க பந்தயம்" என்றாள். அப்பா அவளைப் பார்க்கவேயில்லை. அக்கா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு "சரிப்பா" என்றாள்.

திங்கட்கிழமை என் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ விடுமுறை. கூடையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் கூட்டிப்போனாள். நம் காலத்து ஒயர் கூடை ஞாபகம் இருக்கிறதா, பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்டுப் பின்னியது? அதில் ஈரத் துணி விரித்துப் பறவையை வைத்து, அம்மா பூசைக்குத் தலையில் போடும் லேஸ் முக்காட்டை மேலே கட்டினோம். காற்றுப் போகும், பறவை போகாது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாத விஷயம் அது. முக்காடு எங்கே என்று கேட்டபோது வெளுக்கப் போட்டிருக்கிறது என்றோம்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கூடையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, கோழியா?"

"ஜூவாலஜி, சார்" என்றாள் அக்கா.

அவர் அதற்கு என்ன விதி என்று யோசித்தார்போல. கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் நின்ற வயல்கள், அதில் இதே மாதிரி பறவைகள் நூற்றுக்கணக்கில். கூடைக்குள் இருந்தது சத்தமே போடவில்லை. அக்கா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் முக்காட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

அக்காவின் சார் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். லேபில் அக்காவின் வகுப்பே கூடிவிட்டது. அவர் பறவையை லாகவமாக விரல்களுக்கு இடையில் பிடித்துத் திருப்பினார். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வயிற்றைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாகிவிட்டது.

"சாயம்மா" என்றார். "பிக்ரிக் ஆசிட். கோடியக்கரையில பறவை ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. வலை போட்டுப் பிடிச்சு, வயித்துல இதைப் பூசி விடுவாங்க. எங்கெங்க போகுதுன்னு தூரத்துலேர்ந்தே தெரியும்ல. கால்ல நம்பர் போட்ட வளையமும் மாட்டுவாங்க. இதுக்கு அதைக் காணோமே."

பின்னால் ஒருத்தன் "மஞ்சத் தண்ணி ஊத்துனாங்களா, பந்தல் எங்க போட்டாங்க?" என்றான். லேபே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பறவைக்காக இல்லை, ஓலைக்காக. அப்பா சொன்னது சரியாகப் போனதில் எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம். அவர் எதிரில் இருந்திருந்தால் கடித்திருப்பேன்.

அக்கா பறவையை வாங்கிக் கூடைக்குள் இறக்கினாள். பாதி இறக்கியவள் நின்றாள். அதன் கால்கள் அவள் விரலிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் கூடையைப் பார்க்கவில்லை, அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தப் பஞ்சைக் கொஞ்சம் குடுங்க."

புதுப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் காலைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கால் மஞ்சளாகவே இருந்தது.

"வயித்து மஞ்ச பூசினது சார். கால் மஞ்ச இதோட சொந்த மஞ்ச. இங்க வழக்கமா வர்ற கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பால்ல இருக்கும்?"

சார் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். அப்படி அவர் செய்து தான் பார்த்ததே இல்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

"மஞ்சக் கால் உள்ளான் வேற ஒண்ணு இருக்கு. அது நம்ம பக்கம் வர்றதுதான்" என்றார். "அவசரப்படாத. நடு விரலை அள. அலகையும் அள."

அக்கா ஜாமெட்ரி பாக்ஸ் கவராயத்தை விரித்து அளந்தாள். நடு விரல் அலகைவிட நீளம். சார் தானே ஒருமுறை அளந்தார். பிறகு யாரையோ லைப்ரரிக்கு ஓடச் சொன்னார். புத்தகம் வந்தது. சாரும் அக்காவும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்துகொண்டார்கள். சிரித்தவர்கள் இப்போது எட்டிப் பார்க்க இடம் தேடினார்கள்.

"நீள விரல் உள்ளான்" என்றார் சார். "சைபீரியாவுல குஞ்சு பொரிக்குது. குளிருக்கு பர்மா, அசாம்னு கிழக்கால போயிடும். நம்ம கடலூர்ப் பக்கம் யாரும் பார்த்ததா நான் கேள்விப்பட்டதில்ல. பிடிச்சுச் சாயம் பூசினவங்க வேணா கவனிச்சிருக்கலாம், கூட்டத்தோட கூட்டமா கவனிக்காமலும் விட்டிருக்கலாம்."

இரண்டு நாளாக நாங்கள் எல்லோரும் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். உள்ளான்காரர், அப்பா, அம்மா, நான், ஏன், அக்காவும்தான். காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. சார் மெதுவாக ஆரம்பித்தார். வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிபார்ட்மெண்ட் காமிராவில் ஃபிலிம் இல்லை. காலில் வளையம் இருந்திருந்தால் அந்த நம்பரைச் சொன்னாலே போதும், பிடித்தவர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இப்போது ஒரே வழி, பறவையைப் பாட்டிலில் போட்டு வைப்பது.

"நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா எடுத்துக் காட்டலாம். கண்டுபிடிச்சதுன்னு உன் பேர்தான் எழுதுவேன். இல்லன்னா, யாரோ ஒரு பொண்ணு பார்த்தேன்னு சொல்லிச்சின்னு போயிடும்மா. உன் பறவை, நீ யோசிச்சிச் சொல்லு."

வெளியே வராந்தாப் படியில் உட்கார்ந்தோம். அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான் என்னுடையதைத் தின்றுவிட்டு அவளுடையதையும் தின்றேன். பறவை கூடைக்குள் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தது.

"என்னாடி பண்ணலாம்?" என்றாள்.

"பாட்டில்ல போட்டுடுக்கா. அப்பாகிட்ட காட்டலாம். ஓலை நின்னுடும்."

"மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேனே."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா போச்சு."

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு முக்காட்டை விலக்கிப் பறவையைப் பார்த்தாள்.

"அந்த அண்ணன் பொண்டாட்டிக்கு இதனால ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியும். ஆனா வேற எதனாலயாவது ஒண்ணு ஆச்சுன்னு வையி. ஆயுசுக்கும் அவரு என்னைத்தான்டி நினைப்பாரு. எட்டு வருஷம் காத்திருந்திருக்காங்க."

எனக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை. ஓலைதான் பெரிதாகத் தெரிந்தது. அவள் உள்ளே போய் சாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் திட்டவில்லையாம். அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டாராம்.

முதுநகரில் விட்டால் மறுபடி கண்ணியில்தான் விழும் என்று வழியில் கிள்ளையில் இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் அறுத்த வயல், கணுக்கால் தண்ணீர். அக்கா வரப்பில் குந்தி, கூடையைச் சாய்த்தாள். பறவை வெளியே வந்து நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. செத்துவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒருமுறை சேற்றைக் கொத்தியது. இன்னொருமுறை கொத்தியது. எங்களை மறந்துவிட்டு ஓடி ஓடி மேய ஆரம்பித்தது. பறக்கக்கூட இல்லை. எங்களுக்குத்தான் நேரமாயிற்று. அதற்குள் நாங்கள் வந்த வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்குச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் உள்ளான்காரர் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"வுட்டுட்டியாம்மா?"

"விட்டுட்டேன் அண்ணே. நல்லா மேயுது."

அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. "நானும் என் பங்க முடிச்சிட்டேம்மா. அது கால்ல வெள்ளிக் காப்பு ஒண்ணு போட்டு வுட்டிருந்தாங்க. அன்னிக்கே கழட்டிக் கொண்டுபோய் அம்மன் உண்டியல்ல போட்டுட்டேன். சாமி பொருளு நமக்கெதுக்கு?"

அக்கா அவரையே பார்த்தாள். "காப்புல ஏதாவது எழுதியிருந்துச்சா அண்ணே?"

"என்னாமோ பொடிப் பொடியா இருந்துச்சி. மந்திரம்."

"உண்டியல எப்ப திறப்பாங்க?"

"ஆடி மாசம், செடல் திருவிழா அப்பதான்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். உள்ளான்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மரியாதைக்குக் கூடவே சிரித்துவிட்டுப் போனார். மாசியில் அவருக்குப் பெண் பிறந்தது. கல்கண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா அன்றைக்கு ஷெட்டிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னாரு உங்க சாரு?"

"சாயந்தாம்பா" என்றாள் அக்கா. "ஆனா..."

அந்த 'ஆனா'வை அவர் கேட்கவேயில்லை. ஒரே சிரிப்பு. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அடுத்த குவார்ட்டர்ஸ் மாமாவைக் கூப்பிட்டு, "மச்சான், நம்ம ஜூவாலஜி எப்படி ஏமாந்துச்சி பாரு" என்று முழுக்கதையும் சொன்னார். மாமாவும் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். கால் மஞ்சள் நிஜம், விரல் நீளம், சாரே சொன்னார் என்று எல்லாவற்றையும் கொட்டுவதற்கு மூச்சு இழுத்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளு இல்லை, மூன்று நாள் கன்றிக் கிடந்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாவாடையெல்லாம் கிள்ளைச் சேறு. முகம் வெயிலில் கருத்துப்போயிருந்தது. சிரித்து முடித்த அப்பா அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சாப்பாட்டில் அவளுக்குத் தன் கையால் மீனை எடுத்து வைத்தார்.

"ரெண்டு நாளா அதைப் புள்ளை மாதிரி வச்சிருந்த. சேத்துல இறங்கிப் புழு பொறுக்கின. கடைசியில நாலு பேரு முன்னாடி அசிங்கப்பட்டு வந்திருக்க" என்றார். குரல் தழைந்திருந்தது. "போவட்டும் வுடு. ஏமாறாதவன் எவன் இருக்கான்? ஓலை இப்ப வேணாம். அவுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். எம்மெஸ்ஸிதான, படிச்சித் தொலை."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அக்கா "சரிப்பா" என்றாள், ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே மாதிரி.

காடாம்புலியூர் முந்திரிப்பருப்பு நின்றுபோனது. அக்கா எம்.எஸ்ஸி. முடித்தாள், டாக்டர் பட்டம் வாங்கினாள், அரசுக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். கல்யாணமும் நடந்தது, வேறு மாப்பிள்ளை. அந்த ஒவ்வொரு விசேஷத்திலும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். வந்தவர்களை உட்காரவைத்து, சாயம் பூசிய உள்ளானை ரயிலில் தூக்கிக்கொண்டு போன பெண் இவள்தான் என்பார். "பந்தயத்துல தோத்துட்டா. இருந்தாலும் படிக்க வச்சேன்" என்று முடிப்பார். அந்த இடத்தில் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது நர்ஸ் பெண்ணிடம்கூடச் சொன்னார். அக்கா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு பார்வை பார்ப்பாள்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அக்கா வீட்டில் இருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்லக்கா, நீதான் ஜெயிச்சேன்னு? அவரு சாவற வரைக்கும் உன்னை ஏமாந்தவன்னே நினைச்சிக்கிட்டுப் போயிட்டாரே."

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பாவை உனக்குத் தெரியாதாடி? ஜெயிச்சேன்னு சொல்லியிருந்தா, பறவை எங்க, வளையம் எங்க, அந்த சாரை நேர்ல வரச் சொல்லுன்னு நின்னிருப்பாரு. அந்த வாரமே ஓலை வாசிச்சிருப்பாங்க. தோத்துட்டேன்னு நினைச்சதும் மனசு எளகிப் போச்சு, குடுத்துட்டாரு" என்றாள். "எனக்குப் படிப்புதான வேணும். ஜெயிப்பை அவரே வச்சிக்கட்டும்னு விட்டுட்டேன்."